பயமானி

விமானத்தில் உட்கார்ந்திருப்பது வேறு, விமானம் ஓட்டுவது வேறு என்று அரசாங்கம் கண்டுபிடித்தபோது நான் ஃபர்ஸ்ட் ஆபீசராகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் முதல் வருடமே சொல்லியிருப்பேன். விமானத்தின் வலது சீட்டில் இருப்பவரிடம் சாப்பாடு சைவமா அசைவமா என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை.

அதுவரை கணக்கு எளிமையாக இருந்தது. இத்தனை மணி நேரம் பறந்தால் இடது சீட், அதாவது கேப்டன் பதவி. மணி நேரம் சேர்ந்தால் அனுபவம் சேர்ந்ததாக அர்த்தம். ஆனால் ஓட்டுகிற வேலையை முக்கால்வாசி மெஷினே பார்த்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு, மேலே ஏறியதும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுச் சீட்டைச் சாய்த்துக்கொண்டவருக்கும் அதே மணி நேரம்தான் எழுதப்பட்டது. இப்படித் தூங்கியே கேப்டனான ஒரு மகானுபாவர், ஒரு நாள் இறங்கிய பிறகு கண் விழித்து இது எந்த ஊர் என்று பணிப்பெண்ணிடம் கேட்டுவிட்டார். அந்தப் பெண் அதை வெளியே சொல்லிவிட்டாள். பெரிய ரகளையாகிவிட்டது.

உடனே ஒரு கமிட்டி போட்டார்கள். ஆறு பேர். ஐந்து பேருக்கு விமானத்தோடு இருந்த சம்பந்தம் ஜன்னலோர சீட் கேட்டு வாங்குவது. ஆறாவது ஆள் டாக்டர் உமையாள், உடலியல் விஞ்ஞானி. நல்ல பருத்திப் புடவை, நிதானமான பேச்சு. அவர் தொலைக்காட்சியில் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"கடிகாரம் நேரத்தைத்தான் அளக்கும். அனுபவத்தை உடம்புதான் அளக்கும். அடுப்புல கை வச்சுச் சுட்டுக்கிட்ட குழந்தைதான் அடுத்த தடவை கை வைக்காது. பயம் இல்லாத இடத்துல பாடம் இல்லை."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. முட்டாள்தனங்களிலேயே ஆபத்தானது கேட்பதற்கு நியாயமாக இருப்பதுதான். ஆறே மாதத்தில் தேசிய விமான அனுபவ ஆணையம் பிறந்தது. எங்கள் ஹெட்செட்டின் காது மெத்தைக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சாதனத்தைத் தைத்துக் கொடுத்தார்கள். நாடித் துடிப்பு, வியர்வை, ரத்தத்தில் ஏறும் ரசாயனம் எல்லாவற்றையும் பார்த்து அது புள்ளி போடும். ஹெட்செட்டை மாட்டும்போது கணக்கு தொடங்கும், கழற்றும்போது முடியும். ஆயிரம் புள்ளி சேர்ந்தால் கேப்டன். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் அனுபவமானி. நாங்கள் வைத்த பெயர் பயமானி.

என் பெயர் ரெஜினா. தூத்துக்குடிக்காரி. கொண்டல் ஏர்லைன்ஸில் வேலை. ஊரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கரையில் நிற்கிறவர்கள். எனக்கு ஒரு கோளாறு உண்டு. ஏதாவது நடக்கும்போது எனக்குப் பயம் வராது. உடம்பு சில்லென்று ஆகிவிடும், கை அதன் வேலையைச் செய்யும், மூளை அடுத்தது என்ன என்று மட்டும் பார்க்கும். பயம் இல்லாமல் போகாது. இரண்டு மணி நேரம் கழித்து, வீட்டில், சட்டி பானைக்கு நடுவில் வந்து சேரும். அப்போது என் காதில் ஹெட்செட் இருக்காது.

ஆக, பயமானி வந்த ஆறு வருடத்தில் நான் சம்பாதித்த புள்ளி எழுபத்தொன்று. அதில் நாற்பது, பணிப்பெண் சூடான காப்பியை என் மடியில் கொட்டியபோது கிடைத்தது. மீதி முப்பத்தொன்று, திருச்சிக்கு மேலே பறக்கும்போது வீட்டில் கேஸை அணைத்தோமா என்று திடீரென்று ஞாபகம் வந்ததற்காக.

மற்றவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். ஒருவர் தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் டூட்டி கேட்டு வாங்கி, ஒரே பயணத்தில் முப்பது புள்ளி அள்ளினார். ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் மனை வாங்கிவிட்டு, அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மூன்று மாதம் பறந்தார். பல்லாவரத்தில் கோச்சிங் சென்டர்களே வந்துவிட்டன. 'முப்பது நாளில் முழுமையாகப் பயப்படலாம்' என்று பேனர். மானத்தை விட்டு நானும் ஒன்றில் சேர்ந்தேன். மாஸ்டர் விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொல்லி, "நீங்க ஒரு பாழுங்கிணத்துல விழுந்துக்கிட்டே இருக்கீங்க" என்றார். நான் குறட்டை விட்டேனாம். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து, இனி வர வேண்டாம் என்றார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தைந்து வயதுக்குள் கேப்டன் ஆகாதவர் அதற்குப் பிறகு ஆகவே முடியாது என்பது சட்டம். எனக்கு நாற்பத்துநாலு நடந்துகொண்டிருந்தது. அந்த இடது சீட் எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக இல்லை, தோளில் இன்னொரு தங்கப் பட்டைக்காகவும் இல்லை. பதினைந்து வருடமாக மற்றவர்கள் எடுக்கிற முடிவுக்கு 'சரி சார்' சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு தடவையாவது முடிவை நான் எடுத்து, பக்கத்தில் இருப்பவர் 'சரி மேடம்' சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

என் கேப்டனின் பெயர் யுகேந்திரன். பொள்ளாச்சிப் பையன், இருபத்தொன்பது வயது. பதினாலே மாதத்தில் ஆயிரம் புள்ளி எடுத்து ஆணையத்தின் பாராட்டுப் பத்திரம் வாங்கியவன். அவனுக்கு எதற்கு வேண்டுமானாலும் பயம் வரும். மேகம் கறுத்தால் வரும். மேகமே இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று வரும். பயிற்சிக் காலத்தில் அவனுக்கு இறங்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அதனால் இடது சீட்டில் உட்கார்ந்துகொண்டு வலது சீட்டைப் பார்த்து 'அக்கா' என்று கூப்பிடுவான். நான் அவனைக் 'கேப்டன்' என்பேன். அவனுக்கு வெட்கமாக இருக்கும்.

"அக்கா, மனசறிஞ்சு சொல்றனுங்க. இந்தச் சீட்டுல நீங்கதான் உக்காரோணும்."

"பயப்படப் படிச்சிட்டு வாரேன் கேப்டன். அதுவரை நீங்களே உக்காருங்க."

நல்ல பையன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பயப்படுகிறவர்களில் பாதிப் பேர் அதை மறைக்க அடுத்தவன் மேல் எரிந்து விழுவார்கள். இவன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பணிப்பெண்ணிடம் கூட 'நன்றிங்க' என்பான்.

பயமானி வந்ததிலிருந்து நாட்டில் ஒரு விமான விபத்தும் இல்லை என்று ஆணையம் ஆண்டுதோறும் விழா எடுத்தது. உண்மைதான். பயப்படுகிறவர்களெல்லாம் இடது பக்கம் போய்விட்டார்கள், பயப்படத் தெரியாதவர்கள் எல்லாரும் வலது பக்கமே தங்கிவிட்டோம். ஒவ்வொரு விமானத்திலும் எங்களில் ஒருவர் இருந்தோம். அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

ஆனி மாதப் பிற்பாதி. அந்த வருடம் ஆடிக் காற்று முன்னதாகவே வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அம்மியே பறக்கும் என்பார்கள். சென்னையிலிருந்து மத்தியான விமானம். உள்ளே எழுபது பேர். ரன்வே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வலது இன்ஜினுக்குள் ஒரு பருந்து புகுந்தது. பெரிய சத்தம், ஒரு உலுக்கல், கருகிய வாடை. இன்ஜின் நின்றுவிட்டது. ஒரு இன்ஜினோடு பக்கவாட்டுக் காற்றில் இறக்க வேண்டும் என்றதும் நம் புத்திசாலி மெஷின் 'டிங்' என்று மணியடித்து, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கழன்றுகொண்டது. அதற்கும் பயமானி வைத்திருந்தால் நல்ல புள்ளி எடுத்திருக்கும்.

நான் யுகேந்திரனைப் பார்த்தேன். அவன் கை இரண்டும் மடியில் இருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

இந்த மாதிரி நேரத்துக்கு எங்களுக்கு ஒரு முறை உண்டு. விமானத்தை யார் கையில் எடுத்தாலும் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் 'யூ ஹேவ் கன்ட்ரோல்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் குரல் பதிவில் ஏறும். நான் அதைச் சொன்னால், ஆபத்து நேரத்தில் கேப்டன் கையிலிருந்து விமானம் பிடுங்கப்பட்டது என்று ஆகிவிடும். அதோடு அவன் பறக்கிற வாழ்க்கை முடிந்தது. போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, பெயர் வைக்க என்னைத்தான் கேட்டிருந்தான். எனக்கு வாய் வரவில்லை.

அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்தேன், அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, தண்ணீரில் நீந்தத் தெரியாமல் விறைத்துப்போன பிள்ளையிடம் பேசுகிற மாதிரி அவனிடம் பேசிக்கொண்டே இறக்கினேன்.

"நல்லா போறீங்க கேப்டன். அப்படியே. மூக்கு கொஞ்சம் காத்துப் பக்கம் இருக்கட்டும். அருமை. பதட்டமே வேண்டாம் கேப்டன், நல்லாப் பண்றீங்க."

இறங்கினோம். சக்கரம் ஒன்று தரையைத் தொட்டு, துள்ளி, மறுபடி தொட்டது. பயணிகள் கை தட்டினார்கள். ஒரு பெரியவர் இறங்கும்போது யுகேந்திரனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மாற்று விமானத்தில் எங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். சாயங்காலம் வீட்டில் சங்கரா மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். கத்தி கையில் நிற்கவில்லை. பார்த்தால் கை உதறுகிறது, பல் கிட்டுகிறது, அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுபது பேர். அந்தப் பெரியவர். மூன்றாவது வரிசையில் ஒரு கைக்குழந்தை இருந்தது. எல்லாரும் வரிசையாக வந்து முன்னால் நின்றார்கள்.

என் கணவர் ஜெரால்ட் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். விசில் ஊதிப் பழகியவர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கத்தியை வாங்கி வைத்தார்.

"ஏட்டி, இன்னைக்கு எம்புட்டு பெருசு?"

"ரொம்பப் பெருசு."

"சரி. நடுங்கி முடி. மீனை நான் பாத்துக்கிடுதேன்."

இதற்குப் புள்ளி போட ஆணையத்தில் வழி இல்லை.

பத்தாம் நாள் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் உமையாள், எங்கள் கம்பெனியின் ஆபரேஷன்ஸ் தலைவர் ரங்கபாஷ்யம். இந்தப் பக்கம் யுகேந்திரனும் நானும். சுவரில் இரண்டு கோடுகள் போட்டுக் காட்டினார்கள். யுகேந்திரனின் கோடு இன்ஜின் நின்ற கணத்தில் செங்குத்தாக ஏறி, திரையை விட்டே வெளியே போயிருந்தது. என் கோடு இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

"பூஜ்யம்," என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை, ஸ்கேனில் எதையோ பார்த்த டாக்டரைப் போலச் சொன்னார். "எழுபது உயிர் ஊசலாடற நேரத்துல பூஜ்யம். நீங்க தூங்கிட்டிருந்தீங்களா மேடம்?"

"விமானத்தை இறக்கிட்டிருந்தேன்."

ரங்கபாஷ்யம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா ரெஜினா, இப்படிச் சொன்னா எப்படி? சொல்ல வேண்டிய வார்த்தை டேப்புல எங்கயும் இல்லையே?"

யுகேந்திரன் எழுந்து நின்றான். முகமெல்லாம் வியர்வை. "சார், அக்காதாங்க இறக்குனாங்க. நான் கையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தனுங்க. என்ற குழந்தை மேல சத்தியமா."

டாக்டர் உமையாள் அவனைப் பாசத்தோடு பார்த்தார்.

"அனுபவசாலிங்க இப்படித்தான் பேசுவாங்க. தன்னடக்கம். எங்க ஆய்வுலயே இருக்கு." பிறகு டேப்பை ஓடவிட்டார். மணிச் சத்தம், காற்றின் இரைச்சல், அதற்கு மேல் தெளிவாக என் குரல். நல்லா போறீங்க கேப்டன். அருமை. நல்லாப் பண்றீங்க.

"அவங்களே சொல்றாங்களே!" என்றார் ரங்கபாஷ்யம்.

இரண்டு ஸ்டியரிங்கும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை, ஒன்றைத் திருப்பினால் மற்றதும் திரும்பும். கருப்புப் பெட்டிக்கு ஸ்டியரிங் திரும்பியது தெரியும், திருப்பிய கை தெரியாது. ஆக, மெஷின் அவன் பக்கம், டேப் அவன் பக்கம். அவன் மட்டும்தான் என் பக்கம்.

அவனை வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் தனியாகப் பேசினார். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"விதிப்படி ரெண்டு வழிதான் இருக்கு மேடம். ஒண்ணு, நீங்க மனசளவுல அந்த காக்பிட்லயே இல்லை. அப்படின்னா வேலை போகும். இல்லைன்னா உங்க சாதனம் பழுது."

"மூணாவதா ஒண்ணு இருக்கு. பயப்படாம ஒருத்தி இறக்கியிருக்கலாம்."

"அது விதியில இல்லை." அவர் அதை வருத்தத்தோடுதான் சொன்னார். "அடுத்த மாசம் எட்டு நாடு இந்தச் சாதனத்தை வாங்கப்போகுது. இப்ப போய் பயத்துக்கும் அனுபவத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொன்னா நல்லா இருக்குமா? சாதனம் பழுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுங்க. ஒரே விமானம், ஒரே சம்பவம், அதனால கேப்டனோட அளவு உங்களுக்கும் பொருந்தும். இந்த அளவு சம்பவம் ஒண்ணே ஆயிரத்துக்குச் சமம். அடுத்த வாரம் நீங்க கேப்டன்."

"கேப்டன் இறக்கினார், நான் பயந்துக்கிட்டே பக்கத்துல இருந்தேன். அப்படித்தானே?"

"பயந்துக்கிட்டே உதவி செஞ்சீங்க," என்று திருத்தினார் டாக்டர்.

நான் வெகுநேரம் யோசித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. யோசிக்கவில்லை. பேனா கேட்டேன். பதினைந்து வருடம் விமானம் ஓட்டிக் கிடைக்காத சீட், பயந்தேன் என்று ஒரு பொய் சொன்னால் கிடைக்கிறது. வலிக்கிறதா என்று கேட்டால், வலிக்கவில்லை. கையெழுத்து போடும்போது கூட என் கை நடுங்கவில்லை. டாக்டர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

வெளியே யுகேந்திரன் காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது, நிஜமாகவே மலர்ந்தது. பிறகு மெதுவாக வாடியது.

"அப்ப, இனி என்கூட யாருங்க்கா வருவாங்க?"

"யாராவது நல்ல பிள்ளையா வருவாங்க கேப்டன்."

"வலது பக்கம் இப்பச் சேர்றவங்க எல்லாம் கோச்சிங் சென்டர் பசங்கங்க்கா. என்னை விடப் பயப்படறாங்க."

அவன் சொன்னது உண்மை. எங்களைப் போன்ற பழைய பூஜ்யங்கள் வயது முடிந்து ஒவ்வொருவராக வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். நான் அவன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு, தையல்காரரிடம் நான்காவது பட்டை தைக்கப் போனேன்.

யுகேந்திரனை மற்ற விமானிகளைச் சோதித்துப் பார்க்கும் மூத்த தேர்வாளர் ஆக்கினார்கள். ஒரு இன்ஜினோடு ஆடிக் காற்றில் இறக்கிய ஒரே கேப்டன் என்பதால், ஆடி முழுக்கத் தூத்துக்குடி விமானம் அவனுக்கே என்று முடிவானது. அவன் ரங்கபாஷ்யத்திடம் போய்க் கெஞ்சியிருக்கிறான்.

"சார், எனக்கு அந்த ரன்வேன்னாலே பயமா இருக்குங்க."

"அதனாலதானப்பா உன்னைப் போடறோம்."

இதை அவனே போனில் சொன்னான். நான் சிரித்தேன். அவனும் சிரிக்க முயன்றான்.

கேப்டன் ரெஜினாவின் முதல் வாரம் பிரமாதமாகப் போனது. கோயம்புத்தூர், ஹைதராபாத், மறுபடி கோயம்புத்தூர். எரிபொருள் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன், வந்தது. மேகத்தைச் சுற்றிப் போவோம் என்றேன், சுற்றிப் போனோம். வலது பக்கத்தில் மதுமிதா என்ற சின்னப் பெண், "சரி மேடம்" என்றாள். எவ்வளவு இனிப்பான வார்த்தை தெரியுமா. ஜெரால்ட் கேக் வாங்கி வந்தார். தெருவில் எல்லாருக்கும் கொடுத்தோம்.

இரண்டாவது வாரம் எனக்கும் ஒரு தூத்துக்குடி டூட்டி விழுந்தது. காலை விமானம். காற்று இருந்தது, இறக்கினேன், ஒன்றும் இல்லை. திரும்பிப் போகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ரன்வேயின் ஓரத்துக்கு வந்து நின்றோம். அதற்குள் காற்று பலமாகிவிட்டது, செம்மண் புழுதி தரையோடு தரையாக ஓடியது. டவர் எங்களை அப்படியே நிற்கச் சொன்னது. சென்னையிலிருந்து மத்தியான விமானம் இறங்கப்போகிறது, அது இறங்கட்டும் என்றார்கள்.

கிழக்கே அது தெரிந்தது. யுகேந்திரனின் விமானம். பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆன ஒரு பையன் இருப்பது எனக்குத் தெரியும், காலையில்தான் டூட்டி ரோஸ்டரில் பார்த்திருந்தேன்.

முதலில் நேராகத்தான் வந்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறு பக்கம் சாய்ந்தது. மெஷின் கழன்றுகொண்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. அடுத்த கணம் யாராவது அதைக் கையில் எடுத்திருக்க வேண்டும். யாரும் எடுக்கவில்லை. விமானம் காற்று தள்ளிய பக்கம் போய்க்கொண்டே கீழே வந்தது. மேலே ஏறுவதற்கு ஒரே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் போதும், இரண்டு இன்ஜினும் நன்றாக இருக்கும்போது மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். அதை அழுத்த ஒரு விரல் வேண்டும்.

என் கைகள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தன. நின்றுகொண்டிருக்கிற விமானத்தின் ஸ்டியரிங். நான் அதை இடது பக்கம் திருப்பினேன். அந்த விமானம் திரும்பவில்லை. எப்படித் திரும்பும்?

அப்போது வந்தது. இரண்டு மணி நேரம் காத்திருக்கவில்லை, வீட்டுக்கு வரவில்லை, அங்கேயே வந்தது. மதுமிதா ஏதோ கேட்கிறாள், காதில் விழவில்லை. அவன் பெண் குழந்தைக்கு நான் சொன்ன பெயரைத்தான் வைத்திருந்தார்கள், அது மட்டும் தலைக்குள் ஓடியது. நான் மைக் பொத்தானை அழுத்தினேன். டவர் பேசுகிற அலைவரிசையில், மற்ற விமானங்கள் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு கேப்டன் பேசக் கூடாத எல்லாவற்றையும் பேசினேன்.

"ஏலே யுகேந்திரா! அந்தப் பொத்தானை அழுத்துல! மேல போ! அக்கா சொல்லுதேன், மேல போல!"

ஒன்றும் நடக்கவில்லை. சக்கரம் புழுதியைத் தொடப் போனது. பிறகு இன்ஜின்கள் அலறின. மூக்கு தூக்கியது. ரன்வேக்கு வெளியே புல்லுக்கு மேலே, எங்கள் கண் முன்னால், அந்த விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு ஏறிப் போனது. சற்றுப் பொறுத்து, இறங்காமல் மேலே போவதை டவருக்குச் சொல்லும் அவன் குரல் கேட்டது, அழுகையோடு. "கோயிங் அரவுண்ட்." அவர்கள் மதுரைக்குப் போய் இறங்கினார்கள். யாருக்கும் சிறு கீறல் கூட இல்லை.

நான் அன்று விமானம் ஓட்டவில்லை. ஓட்ட முடியவில்லை. பயணிகளை இறக்கிவிட்டு, மதுமிதாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி ஆணையம், மறுபடி அதே அறை. அலைவரிசையைத் தவறாகப் பயன்படுத்தியது, மூத்த தேர்வாளரை 'ஏலே' என்று விளித்தது என இரண்டு குற்றச்சாட்டு. ரங்கபாஷ்யம் அவற்றை வேகமாகப் படித்து முடித்துவிட்டு, எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகச் சொன்னார். அவர் கண் டாக்டர் மேலேயே இருந்தது. டாக்டர் உமையாள் உட்காரவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

"மேடம், இதைப் பாருங்க." சுவரில் ஒரு கோடு. திரையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, கூரையில் பாதி தூரம் போயிருந்தது. "இந்தச் சாதனம் வந்த நாள்லருந்து பதிவான அனுபவத்துலயே இதுதான் பெருசு. உலகத்துலயே!"

"விமானம் நின்னுட்டிருந்தது டாக்டர். பிரேக் போட்டிருந்தேன்."

"அதான் எங்களுக்கும் புரியலை." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். முதல் தடவையாக, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசையோடு ஒன்றைக் கேட்டார். "அந்த நேரத்துல எதைப் பார்த்து இவ்வளவு பயந்தீங்க?"

"அந்த விமானத்துல நான் இல்லை. அதைப் பார்த்து."

அவர் தலையை ஆட்டினார். புரிந்த மாதிரி தெரியவில்லை. எட்டு நாட்டு விமானிகளுக்கு நான் வகுப்பு எடுக்க வேண்டும், பதிலுக்கு நான் எது கேட்டாலும் செய்து தருவதாகச் சொன்னார்.

"என் பழைய சீட்டைக் குடுங்க," என்றேன். "வலது பக்கம். யுகேந்திரன் கூட. இந்த ஆடி முடியுற வரைக்குமாவது."

டாக்டரும் ரங்கபாஷ்யமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் சிரித்தார், அன்பாகத்தான்.

"அது எப்படி மேடம்? அந்தச் சீட்டுக்கு உங்களுக்கு அனுபவம் ரொம்ப அதிகம்."

வெளியே வந்து போனில் ரோஸ்டரைத் திறந்தேன். எனக்கு நாளைக்கு ஹைதராபாத். யுகேந்திரனுக்குத் தூத்துக்குடி. மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. ஆடி பிறந்து பாதி மாதம்தான் ஆகியிருந்தது.